சேணத்துக்கு அடியில்

சிட்னித் தமிழர்களுக்கு ஹெலன்ஸ்பர்க் என்றால் கோயில்தான். நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி, யூகலிப்டஸ் காடுகளுக்கு நடுவே, 1985இல் குடமுழுக்குக் கண்ட வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. பெருமாளைச் சேவித்து, சந்திரமௌலீசுவரரையும் கும்பிட்டு, கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த ஊர் பிறந்தது நிலக்கரிக்காக. 1884இல் இங்கே கரி இருப்பது தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் மெட்ரோபாலிட்டன் சுரங்கம் வந்தது. அதைச் சுற்றி ஊர் வந்தது. அந்தக் காலத்து நியூ சவுத் வேல்ஸ் சுரங்கங்களில் கரித்தொட்டிகளை இழுத்தவை குதிரைகள். தொட்டிகளைக் கோக்கும்போது எழும் சங்கிலிச் சத்தத்தை எண்ணி, வழக்கத்துக்கு மேல் ஒன்று கோத்தால் நகர மறுத்த குதிரைகளைப் பற்றியும், மேற்கூரை சரியப்போவதை முன்னாலேயே உணர்ந்து நின்றுவிட்ட குதிரைகளைப் பற்றியும் சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கடைசிச் சுரங்கக் குதிரைகள் இரண்டு, குயின்ஸ்லாந்தின் காலின்ஸ்வில்லில், 1990இல்தான் ஓய்வு பெற்றன. கணினி வந்த பிறகும் குதிரை நிலத்தடியில் உழைத்துக்கொண்டிருந்தது.

ஹெலன்ஸ்பர்க்கிலிருந்து ஸ்னோயி மலைக்குப் போகும் சாலையை இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது. அந்தச் சாலை முடியும் இடத்தில், ஆட்களைக் குதிரையேற்றி நாள்கணக்கில் மலைக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் குதிரைகளோடே இருப்பவர்கள். அவர்களுடைய பந்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் வாயில் காதல், ஆன்மா, சுதந்திரம் போன்ற பெரிய சொற்களே வருகின்றன. அவை போதாது என்பது என் எண்ணம். சில சமயம் அவை கெடுதலும் செய்கின்றன. குதிரையைப் பற்றிய கதையின்மேல் மனிதன் வைக்கும் ஆசை ஒன்று. குதிரையின்மேல் வைக்கும் பிரியம் வேறொன்று. முதலாவது பல தடவை குதிரையைக் கொன்றிருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு நாளும் உற்றுப் பார்த்துச் சேர்த்த அறிவாக மட்டுமே இருந்து வந்திருக்கிறது. மலைவழிகாட்டியிடம் நாம் கற்றுக்கொள்ள இருப்பது அந்த இரண்டாவது.

கோயிலைவிட்டுக் கிளம்பி, பிக்டன் சாலை வழியாக ஹ்யூம் நெடுஞ்சாலையைப் பிடித்து, கோல்பர்ன், கான்பரா தாண்டினால் மொனாரோ மேட்டுநிலம் விரிகிறது. மரமில்லாத புல்வெளி, மலைகள் மழையை மறித்துவிடுவதால் காய்ந்து பொன்னிறமாகக் கிடக்கும் நிலம். 1788இல் ஆங்கிலேயக் குடியேற்றத்தின் முதல் கப்பல் கூட்டம் நன்னம்பிக்கை முனையில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சில குதிரைகளில் தொடங்கி, இப்படிப்பட்ட புல்வெளிகளில்தான் ஒரு புதிய வகைக் குதிரை உருவாயிற்று. அதற்கு வேலர் என்று பெயர் வைத்தது ஆஸ்திரேலியா அல்ல, இந்தியா. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் வேலர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களின் இந்தியப் படைகளுக்காக அவை கப்பல் கப்பலாகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் போயின. நம் ஓசூர் மத்திகிரியில் இருந்த ராணுவக் குதிரைப் பண்ணை அந்த வணிகத்தோடு சேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு நியூ சவுத் வேல்ஸில் குடியேறிய தமிழர்கள், நூறாண்டுக்கு முன் குதிரைகள் போன அதே கடல்வழியை எதிர்த்திசையில் கடந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 1,36,000 வேலர் குதிரைகள் ஆஸ்திரேலியாவைவிட்டு வெளியே போயின. பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் நெடுநேரம் தாங்கின. 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷெபா என்னும் பாலைவன ஊரில் எதிரியின் அகழிகளைத் தாண்டி ஓடின. போர் முடிந்தபின் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று: ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை சாண்டி. பிரிட்ஜஸ் 1915இல் கலிப்போலியில் காயம்பட்டு இறந்தவர். மற்றக் குதிரைகளைத் திருப்பிக் கொண்டுவரச் செலவு அதிகம், நோய் பரவும் அச்சம் வேறு. வயதானவை சுடப்பட்டன, மீதமுள்ளவை விற்கப்பட்டன அல்லது வேறு படைகளுக்குக் கைமாறின. இன்று ஊருக்கு ஊர் அந்தக் குதிரைகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கலத்தில் நிற்கும் குதிரைக்குக் கொள்ளு வைக்க வேண்டியதில்லை.

கூமாவில் சாலை மேற்கே திரும்புகிறது. ஆடமினபி சின்ன ஊர். பழைய ஆடமினபியின் பெரும்பகுதி ஸ்னோயி நீர்மின் திட்டத்துக்காக 1957 வாக்கில் யூகம்பீன் ஏரிக்கடியில் போயிற்று. வீடுகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பல பத்தாண்டுகளாகக் குதிரைப் பயணங்கள் கிளம்பும் ஊர்களில் இதுவும் ஒன்று. விக்டோரியா பக்கம் மெரிஜிக்கும் மான்ஸ்ஃபீல்டும் அப்படியே. இந்தத் தொழிலுக்கு ஒரு முன்கதை உண்டு. கோடையில் தாழ்நிலம் காயும்போது மாடுகளை உயர்ந்த புல்வெளிக்கு ஓட்டிப்போய், பனிக்கு முன் இறக்கிக்கொண்டு வருவது மலையோரக் குடும்பங்களின் வழக்கம். மண் அரிப்பைக் கண்டு, ஸ்னோயி மலையில் கோஸ்கியஸ்கோவின் உயர்பகுதிகளில் மேய்ச்சலை 1950களின் இறுதியில் நிறுத்தினார்கள். விக்டோரியாவின் ஆல்பைன் தேசியப் பூங்காவில் 2005இல் நிறுத்தினார்கள். மாடு போய்விட்டது, பாதை தெரிந்த மனிதரும் குதிரையும் மிச்சம். அந்த மிச்சத்திலிருந்துதான் வழிகாட்டி பிறந்தார். மாட்டை ஓட்டிய கை மனிதர்களை ஓட்டத் தொடங்கியது என்று சொல்லலாம்.

அவருடைய ஒரு காலைப்பொழுதைக் கூர்ந்து பார்த்தால் பந்தம் என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி இருக்கிறது. சலுகைக்கு முன்னால் நின்று வேலைக்கு ஒளிகிறவர்களைத் திட்டச் சொல்வது. ஆனால் குதிரையின் பக்கம் நின்று கேட்டால் அதில் குற்றம் ஏதுமில்லை. மலையில் உறைபனி விழுந்த காலையில் இரும்புக் கடிவாளம் நாக்கைச் சுடுகிற மாதிரிக் குளிர்ந்திருக்கும். தெரிந்தவர் அதை முதலில் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு ஓர் இடைவெளியாக இருக்கிறது. வாயோரத்தில் கட்டைவிரலை நுழைத்து அங்கே லேசாகத் தொட்டால் வாய் தானாகத் திறக்கும். அடுத்தது சேணம். வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்போதே இழுத்துக் கட்டினால் வலி. விட்டுவிட்டால் பத்தடி நடந்ததும் வார் தளர்ந்து சேணம் சரியும். ஆகவே லேசாகக் கட்டி, நாலு எட்டு நடக்கவிட்டு, மூச்சை விட்டதும் மறுபடி ஒரு துளை இறுக்குவார். பிறகு யாரை எதில் ஏற்றுவது என்ற கணக்கு. பயத்தில் தொடையால் இறுக்கிப் பிடிக்கும் ஆளைத் துடியான குதிரையில் ஏற்றக் கூடாது, ஏனென்றால் அந்த இறுக்கத்தை அது ஓடச் சொல்லும் சைகையாக எடுத்துக்கொள்ளும். வரிசையில் எதன் வாலுக்குப் பின்னால் எது வரலாம், எது வந்தால் உதை விழும் என்பது வேறு கணக்கு. சதுப்பில் குதிரை நின்று மூக்கைத் தாழ்த்தி முகர்ந்தால் அதை உதைத்து விரட்டமாட்டார். தரை அதற்குத் தெரியும். இறக்கத்தில் கடிவாளத்தைத் தளர்த்தித் தலையை அதன் போக்கில் விடுவார். குதிரைக்குத் தலையும் கழுத்தும்தான் தராசு முள். முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் அவர் கண் காதுகள்மேல்தான். குதிரையின் காது ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருந்தால் அது பாதையையும் உங்களையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் பின்னால் ஒட்டிப்படுத்தால் எங்கோ வலி, அல்லது கோபம்.

இதெல்லாம் தொழில் பழக்கம், இதைப் பந்தம் என்று ஏன் உயர்த்த வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். குதிரைக்குத் தீனியும் பயமும்தான் தெரியும், மற்றதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது என்பது பழைய வாதம். அதற்குப் பெயர்பெற்ற சாட்சியும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை. கூட்டல் கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் உரிமையாளர் பள்ளி ஆசிரியர், ஏமாற்றுக்காரர் அல்ல. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் குட்டை உடைத்தார்: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையில் ஏற்படும் மிக நுண்ணிய அசைவைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. குதிரைக்கு அறிவில்லை என்பதற்கு இதைச் சான்றாக்குகிறார்கள். எனக்கு இது நேரெதிரான சான்றாகப் படுகிறது. மனிதன் தனக்கே தெரியாமல் செய்யும் அசைவை இந்தப் பிராணி படித்திருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்ட்டால் தன் உடம்பின் அந்த அசைவை முழுதாக அடக்க முடியவில்லை. 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித முகப் படங்களைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டபோது இதயத் துடிப்பு வேகமாக ஏறியது, அந்த முகத்தை அவை கூடுதலாக இடக்கண்ணால் நோக்கின. ஆக, குதிரை நம்மைப் படிப்பது கற்பனை இல்லை. பாக்கி ஒன்றுதான்: நாம் அதைத் திருப்பிப் படிக்கிறோமா? பெரும்பாலோர் படிப்பதில்லை, நேரமும் இல்லை. ஒருவர் நாற்பது ஆண்டுகள் அதைச் செய்தால் இரண்டு பக்கமும் ஓடும் ஒரு பேச்சு உண்டாகிறது. அதற்குப் பந்தம் என்பதைவிடக் குறைந்த பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் திருப்பிப் படித்தல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் சரித்திரத்தைவிடக் கடுமையான சான்று கிடைக்காது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் காயல் துறைமுகம் வழியாக அரபு, பாரசீகக் குதிரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஈராயிரத்துக்கு மேல் வாங்குவார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இராது என்று எழுதுகிறார் மார்க்கோ போலோ. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, விற்பவர்களும் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதில்லை என்கிறார். பயணிகள் எண்களைப் பெருக்குவது வழக்கம், அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்: 220 தங்க தினார் விலைபோன குதிரையை நாற்பது நாள் லாயத்தில் கட்டியே வைத்து, வறுத்த தானியத்தில் வெண்ணெய் பிசைந்து, காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்கவைக்கிறார்கள், பயிற்சி எதுவும் கொடுக்காமல் அப்படியே ஏறி விரட்டுகிறார்கள். குதிரையின் குடல் புல்லுக்காக ஏற்பட்டது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறானது உள்ளே போனால் வயிற்றுவலியில் புரண்டு செத்துப்போகும். அந்த வெண்ணெயும் பாலும் அன்பினால் கொடுக்கப்பட்டவைதான், அதை மறுக்க முடியாது. தமக்கு எது உயர்ந்த உணவோ அதையே கொடுத்திருக்கிறார்கள். குதிரைக்கு எது உயர்ந்தது என்று குதிரையைக் கேட்கவில்லை. மாணிக்கவாசகரின் கதையைக்கூட இந்தக் கண்ணோடு படிக்கலாம். பாண்டியனுக்காகக் குதிரை வாங்கப் போனவர் பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவழித்தார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகராக ஓட்டிவந்தார். இரவில் அவை மறுபடி நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறின. இறைவனின் அருள் விளையாட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. அன்று பகலில் லாயத்தில் நின்றவை பரியா நரியா என்று பிரித்துப் பார்க்க அரண்மனையில் யாருமில்லை என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் அசுவ சாத்திரச் சுவடிகள் படங்களோடு சேர்ந்தன என்றால், அந்த இழப்பு எங்கோ யாரையோ படிக்கவைத்திருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இந்த ஆசைக்கும் அறிவுக்கும் இடையிலான இழுபறி ஒரே குடும்பத்துக்குள் நடந்திருக்கிறது. பீர்ஷெபாவில் அந்தக் குதிரைப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஹாரி ஷோவெல். அவர் மகள் எலின், 1913இல் பிறந்தவர். மணமாகி, ஸ்னோயி மலையின் மேற்குச் சரிவில், மர்ரே ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள டவொங் ஹில் பண்ணைக்கு வந்தார். 2002இல் இறக்கும் வரை அந்த மலைதான் அவர் உலகம். குதிரையிலும் பனிச்சறுக்குப் பலகையிலும் அதை அளந்தவர். 1958இல் எலின் மிட்செல் என்ற பெயரில் அவர் எழுதிய சிறுவர் நாவல் சில்வர் பிரம்பி. தௌரா என்னும் வெளிர்நிறக் காட்டுக்குதிரையின் வாழ்க்கை. மனிதர் கைக்குச் சிக்காத குதிரை, சிக்கவும் கூடாத குதிரை. ஆஸ்திரேலியப் பிள்ளைகள் பல தலைமுறையாக அதைப் படித்து வளர்ந்தார்கள். அப்பாவின் படைக்குதிரைகள் திரும்பி வரவில்லை; மகள் எழுதிய குதிரை யாருக்கும் அடங்குவதில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த நாவலில் பனி, புல், காற்றின் வாசனை, வழி எல்லாம் குதிரையேறி அந்த மலையில் திரிந்தவர் மட்டுமே அறியக்கூடியவை. அறிவிலிருந்து எழுந்த புத்தகம் அது. ஆனால் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது கதையை. அதற்கும் முன்னால், 1890இல் பான்ஜோ பாட்டர்சன் எழுதிய ஸ்னோயி ஆற்று மனிதன் கவிதை அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. செங்குத்தான சரிவில் காட்டுக்குதிரைகளை விரட்டிப் பாயும் இளைஞன், 1982இல் திரைப்படம், பாட்டர்சனின் முகம் பத்து டாலர் நோட்டில். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தப் பாய்ச்சல். ஆறுநாள் பயணம் போகும் வழிகாட்டி அப்படி ஒருமுறை பாய்ந்தால், குதிரையின் கணுக்கால் போய்விடும், மீதி ஐந்து நாளும் போய்விடும். அவருடைய திறமை முழுக்க முழுக்க மெதுவாக நடப்பதில் இருக்கிறது.

இனி நான் தவிர்க்க முடியாத கேள்வி. கோஸ்கியஸ்கோ தேசியப் பூங்காவில் காட்டுக்குதிரைகளைச் சுட்டார்கள்; குதிரையை நேசிப்பவர் அதை எப்படி ஏற்பார்? மலைக்குதிரைக் குடும்பங்களிலேயே பலர் ஏற்கவில்லை, அவர்கள் துயரம் உண்மையானது. ஆனாலும் சான்றுகளைப் பார்ப்போம். குளம்புள்ள பிராணி எதுவும் ஆஸ்திரேலியாவுக்கு உரியதல்ல. கங்காருவும் வோம்பாட்டும் மெத்தென்ற பாதம் உடையவை. மலை உச்சியின் பாசிச் சதுப்புகள் கடற்பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்து ஆறுகளுக்கு ஊட்டுபவை. குளம்பு பட்டால் அவை கிழிந்து வாய்க்கால் விழுந்து வற்றுகின்றன. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கொரோபோரி தவளைக்கு அந்தச் சதுப்பைவிட்டால் போக்கிடம் கிடையாது. நகரிகோ, வல்கலு முதலிய பூர்வகுடிகள் குதிரை வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கோடைதோறும் போகாங் விட்டில்களைத் தேடி இந்த உச்சிகளுக்கு ஏறியவர்கள். குதிரைதான் மலையின் பாரம்பரியம் என்னும்போது அவர்கள் பாரம்பரியம் எங்கே போயிற்று? 2000ஆம் ஆண்டு அக்டோபரில், வடக்கே கை ஃபாக்ஸ் ஆற்றுத் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து மூன்று நாளில் 606 குதிரைகளைச் சுட்டபோது நாடே கொதித்தது. அந்த முறை நிறுத்தப்பட்டது. கொதித்ததில் தவறில்லை. அதன்பின் கோஸ்கியஸ்கோவில் பிடித்து அகற்றும் வேலை மந்தமாகவே நடந்தது. 2018இல் காட்டுக்குதிரைப் பாரம்பரியத்தைக் காக்க மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது. 2022 கணக்கெடுப்பு மதிப்பிட்ட எண்ணிக்கை 18,814. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த திட்டமோ 2027 ஜூனுக்குள் 3,000ஆகக் குறைக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் வானிலிருந்து சுடுவதற்கு மறுபடி அனுமதி வந்தது. இந்த வரிசையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் என் நெஞ்சை அடைக்கும் விஷயம் ஒன்று: எண்ணிக்கை சிறிதாக இருந்த ஆண்டுகளில் நூறு நூறாகப் பிடித்து, பழக்கி, வீடுகளுக்குக் கொடுத்திருக்கலாம். கதையின்மேல் இருந்த ஆசை அதைத் தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் பிறந்த குட்டிகள் பின்னாளில் சுடப்பட்ட குதிரைகளின் கணக்கில் சேர்ந்தன. காட்டுக்குதிரை ஒன்றைப் பிடித்துக் கயிற்றுக்குப் பழக்கி, சேணம் ஏற்கவைக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் இந்த மலைக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாங்கி வளர்க்கும் ஒவ்வொரு குதிரையும் ஆயிரம் முழக்கங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வேறொரு கேள்வி இதைவிட ஆழமானது. சுமக்கச் சம்மதமா என்று குதிரையை யாரும் கேட்பதில்லை. பிறகு பந்தம் என்ன பந்தம், அடிமைத்தனம்தானே? இதற்கு முழு விடை என்னிடம் இல்லை, யாரிடமும் இருக்க முடியாது. குதிரை தானாக முதுகைக் கொண்டுவந்து நீட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் அதனால் மறுக்க முடியும். மறுப்பைக் கேட்கும் காது மனிதனுக்கு உண்டா என்பதில்தான் அடிமைத்தனத்துக்கும் உழைப்புக்கும் உள்ள தூரம் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, உடல் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறும்போது குதிரையின் தசையில் வலி தெரிவதைக் காட்டியது. ஐந்தில் ஒரு பங்கு என்ற எல்லையை இன்று பலர் பின்பற்றுகிறார்கள். 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 90 கிலோ. வாடிக்கையாளரை எடை மேடையில் ஏறச் சொல்லும் வழிகாட்டி அன்றைய வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். அப்படி விட்டுக்கொடுக்கப் புல்வெளி வேண்டும், மாற்றுக்குதிரை வேண்டும், ஓய்வுக் காலம் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் மட்டக்குதிரையோடு நிற்கும் குதிரைக்காரர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. சீசன் முடிந்தால் குதிரை தெருவில் குப்பையை மேய்கிறது; மழையில் நனைகிறது. அவர்களுக்கு மனமில்லை என்று சொல்லிவிடுவது எளிது, அநியாயமும்கூட. லாடம் தேய்ந்ததை ஓசையிலேயே கண்டுபிடிக்கிறவர்கள் அவர்களில் உண்டு. ஆடமினபிக்காரருக்கு இருப்பது ஏக்கர் கணக்கில் புல். ஊட்டிக்காரருக்கு இருப்பது கடன். குதிரைமேல் அக்கறை உள்ள சுற்றுலாத் துறை முதலில் கொடுக்க வேண்டியது மேய்ச்சல் நிலமும் கால்நடை மருத்துவரும். அறிவுரை பிறகு வரட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, வாழ்நாள் என்ற சொல்லில். குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழும். நாலைந்து வயதில் மலைவேலைக்கு வந்து, இருபதை ஒட்டி ஓய்வுபெறும். ஐம்பது ஆண்டு இத்தொழிலில் இருப்பவர் மூன்று தலைமுறைக் குதிரைகளைப் பார்த்துவிடுகிறார். அதாவது, அத்தனையின் முடிவையும் பார்க்கிறார். எந்தக் குளிர்காலத்தை இந்தக் கிழட்டுக் குதிரை தாங்காது, எப்போது மருத்துவரைக் கூப்பிட்டுக் கஷ்டமில்லாமல் முடித்துவைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரேதான். சாண்டிக்கு 1923இல், பார்வை போய்த் தளர்ந்த பிறகு, மெல்பர்னில் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். மதுரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு இறங்குகிறார். ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் குதிரைகளைச் சுமப்பவர்களும் சுட்டுச் செய்பவர்களும் நாமே. அவற்றுக்கு முதுமை கிடையாது.

ஹெலன்ஸ்பர்க்கிலிருந்து அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவர்கள் பயணம் முடிந்ததும் உடனே காரில் ஏறிவிட வேண்டாம். சேணத்தைக் கழற்றும்வரை நில்லுங்கள். அடியில் விரித்த கம்பளியை எடுத்ததும் குதிரையின் முதுகில் வியர்வை ஈரம் தெரியும். சேணம் சரியாகப் பொருந்தியிருந்தால் ஈரம் முதுகெலும்பின் இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும். அந்த ஈரத்துக்கு நடுவே கையகலத்துக்குக் காய்ந்த திட்டு ஏதாவது தெரிந்தால், அந்த இடத்தில் அழுத்தம் தாங்காமல் தோல் வியர்க்க மறந்திருக்கிறது. பிடரி முடியும் இடத்தில், கருமையோ பழுப்போ ஆன ரோமத்துக்கு நடுவே வெள்ளை முடி முளைத்திருந்தால், அது எப்போதோ, யாரோ கவனிக்காத ஒரு நாளின் தழும்பு. வழிகாட்டி அந்த ஈரத்தின்மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவார். குதிரை உதட்டைத் தளர்த்தி ஒரு பின்னங்காலை மடக்கி நின்றால் அடுத்த குதிரைக்குப் போவார். தோல் ஓரிடத்தில் சிலிர்த்து நெளிந்தால், கை அங்கேயே நிற்கும். மறுநாள் அந்தக் குதிரை புல்வெளியில் இருக்கும்.